துண்டை உதறிய கூட்டம்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது மாட்டுச் சந்தை. இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன். ஓசூரில் நான் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் அறைகளில், வடக்கே இருந்து வந்து கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கும் ஆட்கள் தங்கியிருக்கிறார்கள். குருபரப்பள்ளிப் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டிக் கடைகள் இருக்கின்றன. ஊரில் மாந்தோப்பு இருக்கிறது. இதில் ஒரு செங்கல்கூட என் அப்பன் வைத்துவிட்டுப் போனதில்லை. எல்லாம் துண்டுக்கடியில் சம்பாதித்தது.

துண்டுக்கடியில் என்றதும் திருட்டு என்று நினைத்துவிட வேண்டாம். மாட்டுத் தரகில் வாங்குகிறவன் கையையும் விற்கிறவன் கையையும் ஒரு துண்டு போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவோம். வெளியே வாய் மாட்டின் பல்லைப் பற்றியும் சுழியைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். உள்ளே விரல்கள் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. சம்மதம் என்றால் விரலை அழுத்திப் பிடிப்போம். சம்மதம் இல்லை என்றால் ஒரு வார்த்தை பேச மாட்டோம். கையை உருவி, துண்டை ஓர் உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவோம். அதற்குப் பிறகு நின்று காரணம் சொல்லிக்கொண்டிருப்பவன் தரகனே இல்லை.

இப்படி வளர்ந்தவன் யார் வாயையும் நம்ப மாட்டான். எவனாவது சபை கூட்டி மைக் பிடித்துப் பேசினால், இவன் கை எந்தத் துண்டுக்குள் இருக்கிறது என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். இந்தக் குணத்தால் நான் கெட்டுப்போனதில்லை. பிழைத்துத்தான் வந்திருக்கிறேன்.

ஒரு நாள் காலையில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று எங்கள் ஊருக்குள் வந்தது. சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் இறங்கினால்தான் எங்கள் பக்கம் இப்படி அறிவிப்பார்கள். சத்தம் கேட்டதும் ஆளாளுக்கு மாட்டை அவிழ்த்துக் கொட்டகைக்குள் ஓட்டினார்கள். கதவுகள் சாத்தப்பட்டன. தெருவில் ஈ காக்கை இல்லை. ஆட்டோக்காரர் சாத்திய கதவுகளைப் பார்த்து, "பொதுமக்கள் அனைவரும் திரளாக வந்து தங்கள் கருத்துகளைச் சொல்ல அன்புடன் அழைக்கிறோம்" என்று முழுவதும் படித்துவிட்டுப் போனார். யானை கருத்துக் கேட்காது என்பது பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது.

விஷயம் இதுதான். ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் விடும் கழிவுநீரைச் சுத்தம் செய்து, நீளமாகக் குழாய் போட்டுக் கொண்டுவந்து, வறண்டு கிடக்கும் ஏரிகளை நிரப்பப் போகிறார்கள். அதில் எங்கள் ஏரியும் ஒன்று. பணம் சர்க்காருடையது மட்டுமில்லை. பல நாடுகள் கூட்டாக நடத்தும் ஒரு வங்கி கடன் கொடுக்கிறது. மண்ணிலும் தண்ணீரிலும் கை வைக்கிற வேலை என்றால், கடன் கொடுக்கும் முன் அந்த இடத்து மக்களைக் கேட்க வேண்டும் என்பது அந்த வங்கியின் விதியாம். கேட்டதை எழுதி உலகமே பார்க்கும்படி இணையத்தில் போட வேண்டுமாம். பிறகு வங்கியின் பெரிய சபை எங்கேயோ ஒரு வெளிநாட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுமாம்.

எனக்கு இதில் பெரிய நஷ்டம் கிடையாது. என் தோப்பு மேட்டில் இருக்கிறது. நஷ்டம் என் தங்கைக்கு. அவள் கிணறு ஏரிக்கரைக்கு நேர் கீழே. ஏரியில் எது நிற்கிறதோ அதுதான் அவள் கிணற்றில் ஊறும். புருஷன் போன பிறகு அந்தக் கிணற்றை வைத்துத்தான் கொத்தமல்லியும் புதினாவும் போட்டு, கட்டுக்கட்டாகப் பெங்களூர் வண்டிக்கு ஏற்றி, ஒரே மகளைப் படிக்கவைத்து ஓசூரில் கம்பெனி வேலைக்கும் அனுப்பினாள். இலை விற்கிற பிழைப்பு இது. தண்ணீரில் கொஞ்சம் வாடை வந்தாலும் இலையில் தெரிந்துவிடும். பெங்களூர்க்காரன் ஒரு தரம் மல்லிக்கட்டை மூக்கருகே கொண்டுபோய்விட்டுக் கீழே வைத்தால், அப்புறம் அந்த வயல் பக்கமே வண்டி நிற்காது.

அந்த வங்கிக்காகக் கூட்டம் ஏற்பாடு செய்ய, சென்னையிலிருந்து ஓர் ஆலோசகர் வந்திருந்தார். சின்ன வயசு. என்னைத் தேடி என் கடைக்கே வந்தார். ஊரில் எதைச் செய்தாலும் முதலில் என்னைப் பார்க்கச் சொல்லித்தான் அனுப்புவார்கள்.

"ஐயா, இது உங்க கருத்தைக் கேக்கறதுக்கான கூட்டம்" என்றார்.

"என் கருத்து உங்களுக்கு எதுக்கு தம்பி?"

"மக்களைக் கேக்காம வங்கி எதுவும் பண்ணாதுங்க ஐயா."

"நான் வேண்டான்னா நிறுத்திடுவாங்களா?"

"அப்படி இல்லைங்க. உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்குவோம்."

"வேணும்னா?"

"அதையும் பதிவு பண்ணிக்குவோம்."

"அப்ப ரெண்டுக்கும் நீங்க எழுதத்தான் போறீங்க. எழுதறதுக்கு ஒரு ஆளு வேணும், அதுக்கு நானு."

அவர் சிரித்துக்கொண்டே, இலைப் படம் போட்ட தொப்பி ஒன்றை என் மேஜையில் வைத்தார். அவர் கிளம்பும்போது அதை எடுத்துப்போய் அவர் பைக் கண்ணாடியில் மாட்டிவிட்டு வந்தேன்.

எனக்குச் சந்தேகம் வந்ததற்குக் காரணம் உண்டு. பல வருடத்துக்கு முன்னால் ஒரு சாலைக்கு நிலம் எடுத்தபோதும் இப்படி ஒரு கூட்டம் போட்டார்கள். எங்கள் ஆட்கள் எழுந்து கத்தினார்கள், அழுதார்கள், மண்ணை வாரித் தூற்றினார்கள். கத்தியவர்கள் எல்லோரும் கூடுதல் விலை கேட்கிறார்கள் என்று முடிவாகிவிட்டது. அன்றைக்கே புரிந்துகொண்டேன்: இவர்கள் முன்னால் வாயைத் திறந்தால் பேரம் ஆரம்பமாகிவிட்டது என்று பொருள். சந்தையில் மாட்டிடம் சம்மதம் கேட்டு யாராவது விற்றதுண்டா? திடீரென்று மாட்டைக் கேட்கிறார்கள் என்றால், அது தலையை ஆட்டினால் போதும் என்றுதானே?

அதனால் டீக்கடையில் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னேன். மண்டபத்தில் நடக்கும் கூட்டத்துக்கு எல்லோரும் போவோம். போகாவிட்டால் ஊரில் ஆளே இல்லை என்று எழுதுவார்கள். ஆனால் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. அவர்கள் சாப்பாட்டைத் தொடக் கூடாது, கொடுக்கிற பையை, தொப்பியை வாங்கக் கூடாது, தண்ணீர்கூட நம் வீட்டிலிருந்து கொண்டுபோவோம். கடைசியில் ஆம்பிளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுவோம்.

"வத்துன்னு சொல்லிட்டு வந்துடலாமே அண்ணா, ஒரு வார்த்தைதானே" என்றார் பக்கத்து நிலத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களோடு நாளெல்லாம் தமிழ் பேசினாலும், வேண்டாம் என்பதை மட்டும் தெலுங்கில்தான் சொல்வார்.

"ஒரு வார்த்தை சொன்னா அடுத்த வார்த்தை கேப்பான். ஏன் வத்து, எவ்ளோ குடுத்தா வத்து இல்லன்னு."

எல்லோரும் தலையாட்டினார்கள். என் தங்கை மட்டும், கடைக்கு வெளியே கொத்தமல்லிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று கேட்டவள், உள்ளே பார்த்துச் சொன்னாள்:

"அது சந்தைண்ணா, இது கல்யாண மண்டபம்."

"எல்லாம் ஒண்ணுதான் போ."

"எப்படி ஒண்ணு? சந்தையில நீ துண்ட ஒதறிட்டு மாட்ட ஓட்டிக்கினு வூட்டுக்கு வந்துடுவ. இந்த ஏரிய எங்க ஓட்டிக்கினு வருவ?"

டீக்கடையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "உன் கெணத்துக்காகத்தான் இவ்ளோ பாடு. கம்முனு வந்து ஒக்காரு" என்றேன். அவள் கூடையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

கூட்டம் நெடுஞ்சாலையோரக் கல்யாண மண்டபத்தில். வாசலில் வாழைமரம் வேறு கட்டியிருந்தார்கள். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனோம். ஒரு பக்கம் பிரியாணி அண்டா, மறுபக்கம் துணிப்பைகளும் தொப்பிகளும். எங்கள் ஆட்கள் பிரியாணியைத் தாண்டிப்போனது சாதாரணக் காரியமில்லை. பக்கத்து நிலத்துக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டே தாண்டினார்.

மேடையில் அந்த வங்கியிலிருந்து வந்த வெளிநாட்டு அம்மா ஒருவர் இருந்தார். சுடிதார் போட்டு, யாரோ வைத்துவிட்ட மல்லிகைப்பூவோடு உட்கார்ந்திருந்தார். வணக்கம் என்று தமிழில் சொன்னார். பிறகு அவர் பேசப்பேச ஆலோசகர் தமிழில் சொன்னார். நிலத்தடி நீர் உயரும், விவசாயம் செழிக்கும், தண்ணீரை எந்நேரமும் கருவிகள் சோதித்துக்கொண்டே இருக்கும். திரையில் ஓர் ஏரியில் வாத்துகள் நீந்தின. எங்கள் ஏரியில் வாத்து நீந்தி யாரும் பார்த்ததில்லை.

பிறகு மைக்கைக் கீழே அனுப்பினார்கள். அது முதல் வரிசையில் ஆரம்பித்து, கைமாறிக் கைமாறி, கடைசி வரிசை வரைக்கும் போய், ஒரு வார்த்தையும் இல்லாமல் மேடைக்கே திரும்பி வந்துவிட்டது. நடுவில் ஒருவர் இருமினார். அது மட்டும்தான் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"தயவுசெய்து பயப்படாமப் பேசுங்க. உங்க கருத்து ரொம்ப முக்கியம்னு மேடம் சொல்றாங்க."

நாங்கள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நல்லதோ கெட்டதோ, எதுவா இருந்தாலும் சொல்லலாம்."

மேடம் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்போது பெண்கள் பக்கத்தில் என் தங்கை பாதி எழுந்தாள். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். சேலை மடிப்பைச் சரிசெய்கிறவள் மாதிரி சரிசெய்துவிட்டு உட்கார்ந்தாள்.

நான் எழுந்தேன். எனக்குப் பின்னால் ஆம்பிளைகள் எல்லோரும் எழுந்தார்கள். ஒரே நேரத்தில் துண்டுகளை உதறினோம். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. சந்தையில் எந்தத் தரகன் அதைக் கேட்டிருந்தாலும் முகம் செத்துப்போயிருக்கும். அந்த அம்மாவோ எழுந்து நின்று இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டார். இது எங்கள் ஊர் வழக்கத்தில் விடைபெறுகிற முறை என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் எங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

சில வாரம் கழித்து என் தங்கை மகள் லீவில் வந்திருந்தபோது, போனில் எதையோ படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். வங்கியின் இணையப் பக்கத்தில் எங்கள் கூட்டம் வந்திருந்தது. அவளே தமிழில் சொன்னாள். மக்கள் பெருந்திரளாகக் கலந்துகொண்டார்கள். கூட்டம் அமைதியாக நடந்தது. ஆட்சேபம் எதுவும் வரவில்லை. மேலே நாங்கள் துண்டை உதறுகிற படம், என் முகம் பெரிதாக. அதற்குக் கீழே, திட்டத்தை வரவேற்கும் கிராம மக்கள் என்று எழுதியிருந்தார்களாம்.

எனக்கு வந்த கோபத்தில் வாய் குழறியது. "வேணும்னே பண்ணியிருக்கானுங்க. ஒதறினா என்னா அர்த்தம்னு தெரியாதா? அந்தச் சென்னைப் பையனுக்காவது தெரியாதா?"

"தெரியாதுண்ணா" என்றாள் தங்கை. வாசலில் உட்கார்ந்து புதினாக் கட்டு கட்டிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை.

"எல்லாம் தெரியும்."

"சரி, தெரியும்னே வச்சிக்க. நீங்க ஆம்பளைங்க ஒதறிட்டு வந்துட்டீங்க. எனக்குத் துண்டு ஏதுண்ணா? நான் எத்த ஒதறுவேன்? கெணறு என்னுது. நான்தான் கம்முனு ஒக்காந்தேன்."

  அந்த நேரத்தில் அவளோடு வாய் கொடுக்க வேண்டாம் என்று விட்டேன். தெரிந்தும் தெரியாததுபோல் எழுதினார்கள் என்றுதான் இன்றைக்கும் நான் சொல்வேன்.

அப்புறம் அவள் என்னைக் கேட்காமல் ஒரு வேலை செய்தாள். அந்த வங்கியிலேயே, கடன் கொடுக்கிற பகுதிக்குச் சம்பந்தமில்லாமல், புகார் விசாரிக்க என்று தனியாக ஒரு குழு இருக்கிறதாம். பாதிக்கப்படப்போகிறவர் எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் சொல்லலாமாம். அம்மா பேச, மகள் எழுதி அனுப்பிவிட்டாள். எனக்குத் தெரிந்தது, ஒரு மத்தியானம் தங்கை வயலோரம் வெள்ளைக் கார் ஒன்று நிற்கிறது என்று கடையில் யாரோ சொன்ன பிறகுதான். நான் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். என்னை விட்டுவிட்டு என் குடும்பத்தில் பேரம் நடக்கிறதா?

வரப்பில் அந்தப் புகார்க் குழுவிலிருந்து வந்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர் தொப்பியும் வியர்வையுமாக நின்றிருந்தார். கூட மொழிபெயர்க்க ஒரு பெண். பேச்சைக் கேட்டால் கோயம்புத்தூர்ப் பக்கம். தங்கை மோர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் நெஞ்சில் கையை வைத்து வேண்டாம் என்றார். விசாரிக்கிற இடத்தில் எதையும் வாங்கக் கூடாது என்று அவர்களுக்கு விதி என்றாள் அந்தப் பெண். நாங்கள் பிரியாணியைத் தாண்டிய மாதிரி அவர் மோரைத் தாண்டினார். அது எனக்குக் கொஞ்சம் பிடித்தது. பிடித்ததாலேயே சந்தேகம் இன்னும் அதிகமானது.

"இவருக்குச் சம்பளம் யாரும்மா குடுக்கறாங்க?" என்று கேட்டேன்.

"வங்கிதானுங்க கொடுக்குது."

"அப்ப மாட்ட விக்கறவனே பல்லப் புடிச்சுப் பாத்து வயசு சொல்ற கதைதான்."

அவள் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். அவர் சிரித்தார். "நீங்க சந்தேகப்படறது சரிதானுங்களாம். அவருக்கும் அது தெரியுமுங்களாம். அதனாலதான் கடன் குடுக்கறவங்களுக்குச் சொல்லாம, நேரா மேல இருக்கற சபைக்கே சொல்லுவாருங்களாம்."

"எல்லாரும் மேலதான் சொல்றாங்க. எறங்கி வர்றது யாரு?"

அதை மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன். அவர் என்னைப் பார்த்து, அன்றைக்குக் கூட்டத்தில் ஏன் ஒருவரும் பேசவில்லை என்று கேட்டார்.

இதற்கு வாயால் பதில் சொன்னால் புரியாது என்று தெரிந்தது. தோளிலிருந்து துண்டை எடுத்தேன். அவர் வலது கையைப் பிடித்தேன். பயந்து இழுத்தார், பிறகு விட்டுவிட்டார். கையைத் துண்டால் மூடினேன். மெத்தென்ற கை, கயிறு பிடித்தே அறியாத கை. விரலைப் பிடித்துக் காட்டினேன். இது விலை. இது கூட்டு. இது குறை. அழுத்தினால் சம்மதம். அந்தப் பெண் சொல்லச்சொல்ல அவர் கண் என் முகத்தையும் துண்டையும் மாறிமாறிப் பார்த்தது. பிறகு கையை வெடுக்கென்று உருவி, துண்டை உதறித் தோளில் போட்டு, வரப்பில் நாலடி நடந்துபோய் நின்றேன்.

"இதுதான் வேண்டாங்கறதுங்களா?" என்றாள் அவள்.

"இதுக்கு மேல எப்படிம்மா வேண்டாங்கறது?"

அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பெண்கள் எப்படி வேண்டாம் என்பார்கள்?

"அதத்தான் சாமி நானும் கேட்டேன்" என்றாள் என் தங்கை. அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த திருப்தியை நான் பார்க்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

எனக்கு இன்னொரு சோதனை பாக்கி இருந்தது. திரும்பிப்போய் அவர் கையை மறுபடி துண்டுக்குள் எடுத்தேன். "இந்தத் திட்டத்துல எங்க ஏரிய விட்டுடுவீங்கன்னா, என் விரல அழுத்தச் சொல்லும்மா" என்றேன். அவள் சொன்னாள். அவர் விரல் என் விரல் மேல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு மெதுவாக, மரியாதையாக, கையை வெளியே எடுத்துக்கொண்டார். முடிவு தன் கையில் இல்லை, பார்த்ததைச் சொல்வது மட்டும்தான் தன் வேலை என்றார்.

என்னைத் திருப்திப்படுத்த அவர் பொய்யாக அழுத்தியிருந்தால் அன்றைக்கே அவரைத் துரத்தியிருப்பேன். அவர் கை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் விலை சொல்கிற கை எது? அது எந்த நாட்டில், எந்த மேஜைக்கடியில் இருக்கிறது? அதைத்தான் கடைசிவரை யாரும் எனக்குக் காட்டவில்லை.

அவர் மேலே போய் என்ன சொன்னாரோ, மழைக்காலம் கழிந்து இரண்டாவது கூட்டம் வைத்தார்கள். இந்தத் தடவை மண்டபம் இல்லை, ஏரிக்கரைப் புளியமரத்தடி. பிரியாணி இல்லை, தொப்பி இல்லை. பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று ஆலோசகர் முதலிலேயே சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. பெண்களை முன்னால் உட்காரவைத்தார்கள். அதே மேடம் வந்திருந்தார், தலையில் பூ இல்லை. கூட ஓர் இன்ஜினியர். மறுபடியும் கருவிகளைப் பற்றிச் சொன்னார்கள். மைக் வருவதற்கு முன்னாலேயே என் தங்கை எழுந்துவிட்டாள்.

"என் கெணறு கெட்டுப்போச்சின்னா நான் யாரக் கூப்புடணும்?"

"டோல் ஃப்ரீ நம்பர் குடுப்போம்மா" என்றார் ஆலோசகர்.

"அத யாரு எடுப்பாங்க?"

"கால் சென்டர்ல எடுப்பாங்க."

"எடுத்தவங்க வந்து கெணத்த எட்டிப் பாப்பாங்களா?"

"கம்ப்ளைன்ட்டைப் பதிவு பண்ணிக்குவாங்கம்மா."

கரை முழுக்கச் சிரிப்பு. "அண்ணன்கிட்ட சொன்னதேதான் தங்கச்சிக்கும்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்.

தங்கை சிரிக்கவில்லை. "எழுதிக்குவாங்க, சரி. அப்புறம் யாரு வருவாங்க? ஓசூர்லயோ கிருஷ்ணகிரியிலயோ ஒரு ஆளு வேணும் சாமி. இன்னார்னு ஒரு மொகம் காட்டுங்க. தண்ணி நாறுச்சின்னா ஒரு கொடம் மொண்டுக்கினு போயி அவுரு வூட்டு வாசல்ல நான் நிக்கணும். அந்த ஆளக் காட்டுங்க, நான் யோசன பண்றேன்."

ஆலோசகர் மேடத்தைப் பார்த்தார். மேடம் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் தன் போனைப் பார்த்தார்.  கேள்வி அவ்வளவு பெரியதில்லை. ஆனால் அவ்வளவு பேரில் பதிலுக்கு ஓர் ஆள் இல்லை.

"ஆளே இல்லாத வேலைக்கு நான் யாருகிட்ட சம்மதம் சொல்றது?" என்றாள். உட்காருவதற்கு முன்னால் முந்தானையை எடுத்து ஓர் உதறு உதறித் தோளில் போட்டாள். பெண்கள் பக்கத்தில் குலவை போடாத குறை. அந்த மேடம் இந்தத் தடவை கும்பிடவில்லை. தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

உதறுவது என் வித்தை. அவள் என்னிடமிருந்துதான் எடுத்தாள். முதல் கூட்டத்தில் நாங்கள் உதறியிருக்காவிட்டால் இரண்டாவது கூட்டமே வந்திருக்காது என்று ஊரில் இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாராவது மறுத்துச் சொல்லட்டும் பார்ப்போம்.

வெயில் ஏறும் பருவத்தில் செய்தி வந்தது. தங்கை மகள் போனில் படித்துச் சொன்னாள். கிணறுகளுக்குப் பொறுப்பேற்கும் உள்ளூர் ஏற்பாடு முடிவாகும் வரை, எங்கள் ஏரியை முதல் கட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஊரே சந்தோஷப்பட்டது. டீக்கடைக்காரர் எனக்குக் காசு வாங்காமல் டீ கொடுத்தார்.

நான் டீயைக் குடித்தேன். செய்தியை விழுங்கவில்லை. முதல் கட்டத்திலிருந்து எடுத்தார்கள் என்றால், இரண்டாம் கட்டம் என்று ஒன்று இருக்கிறது. எங்கள் ஏரிக்கு வர வேண்டிய தண்ணீர் இப்போது எந்த ஊர் ஏரிக்குப் போகிறது? அந்த ஊரில் துண்டு உதறத் தெரிந்தவன் இருக்கிறானா, முந்தானை உதறத் தெரிந்தவள் இருக்கிறாளா? எங்கள் பேச்சைக் கேட்டு ஏரியை விட்டார்களா, இல்லை பணம் பற்றாமல் விட்டுவிட்டு எங்களைக் கேட்டதாக எழுதிக்கொண்டார்களா? என் தங்கை இதையெல்லாம் யோசிப்பதில்லை. மறுநாளே கொத்தமல்லி விதையை உடைத்து விதைத்துவிட்டாள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. குழாய் வரப்போகும் இடத்தைக் குறிக்க, தங்கை வயலுக்கு மேலே கரையில் மஞ்சள் அடித்த கல் ஒன்றை நட்டிருந்தார்கள். ஏரியை எடுத்துவிட்டார்கள், கல்லை எடுக்கவில்லை. ஆலோசகருக்குப் போன் போட்டேன்.

"அது இருந்துட்டுப் போகட்டுமே ஐயா, எதுவும் பண்ணாது" என்றார்.

எதுவும் பண்ணாத கல்லை எதற்கு நட்டார்கள்?

இப்போது தினமும் காலையில் தோப்புக்குப் போகும்போது கரை வழியாகவே போகிறேன். கல் நகர்ந்திருக்கிறதா, புதுச் சாயம் அடித்திருக்கிறதா, பக்கத்தில் கார்த் தடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். என் தங்கை அந்தக் கல்லில் தன் பசுவைக் கட்டி வைத்திருக்கிறாள்.

"கல்லுல கட்டாதன்னு எத்தன வாட்டி சொல்றது?"

"நல்லா ஆழமா நட்டிருக்கறாங்கண்ணா. எவ்ளோ இழுத்தாலும் அசைய மாட்டேங்குது."

"நாளைக்குப் படம் புடிச்சிப் போடுவான். கல்ல மக்கள் உபயோகப்படுத்தறாங்க, சந்தோஷமா இருக்கறாங்கன்னு."

"போட்டுக்கட்டும். நம்ம மாடு நல்லாத்தான் இருக்குது, படத்துல அழகா வுழும்."

நான் பசுவை அவிழ்த்துப் புளியமரத்தில் கட்டிவிட்டுப் போகிறேன். வெயில் சாயும்போது திரும்பி வந்தால் அது மறுபடி அந்தக் கல்லில்தான் நிற்கிறது, கீழே வயலில் கொத்தமல்லி முளைவிட்டிருக்கிறது.